எட்டு ஆள் கேட்கும் கார்டுகள்

ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். திறந்தால் கார்டு பறக்கும். ஆடி மாதத்துத் தேனியில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பொறுத்துக்கொள்ள முடியும்.

அல்லிநகரத்தில் ஒரு மாடி வீடு. தரையில் கோரைப்பாய். ஒரு பக்கம் நான். எதிர்ப்பக்கம் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான் என் தம்பி லூர்து. நடுவில் இரண்டு வரிசையாகக் கார்டுகள். அவை பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தோம்.

என் கையில் ஏழு கார்டுகள் இருந்தன. ஏழையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் கீழே இறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னக்கா, ஒண்ணும் வரலயா?"

"வரல."

"எனக்கும் வரல" என்று சிரித்தான்.

மணி மூன்று பத்து. நான்கு மணிக்கு நான் ஊர் திரும்பும் கூடலூர் பஸ். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் நான் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் அவரவர் கார்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம்.

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி எழுதிவிட்டேன். திராட்சைத் தோட்டம், கம்பத்தில் பஸ்ஸைக் கோட்டைவிட்ட கதை, நான் கணக்கு டீச்சரான கதை எல்லாம் எழுதியாகிவிட்டது. லூர்துவைப் பற்றி மட்டும் வாரா வாரம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். சாக்குச் சொல்வதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பது இந்த வாரம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

சீட்டு அல்ல, கார்டு

முதலில் ஒரு மானப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறேன். நாங்கள் ஆடியது சீட்டு அல்ல. என் மாமியார் இதை நம்பாமலே இருக்கிறார். கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, "எம் மருமக சனிக்கெழம ஆனா தேனிக்குப் போயி தம்பியோட சீட்டாடிட்டு வருது" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லியிருக்கிறார். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் டீச்சரை ரம்மிக்காரி ஆக்கிய புண்ணியம் அவருக்கு.

லூர்து கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். கூடத் தங்கியிருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிய ஆட்டம் இது. ஊரடங்கு காலத்தில் ஊருக்கு வந்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறையக் கார்டுகளைக் கொண்டுவந்தான். வாய்க்குள் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று அந்த ஆட்டத்துக்கு உண்டு. நாங்கள் கார்டு என்றுதான் சொல்வோம்.

ஒவ்வொரு கார்டிலும் ஒரு படம் இருக்கும். குதிரை வீரன், மந்திரவாதி, டிராகன், கோட்டை மதில். சில கார்டுகள் எதிராளியை அடிக்கும். மதில் கார்டுகள் அடியைத் தடுக்கும். ஆளுக்கு இருபது உயிர். அது தீர்ந்தால் தோல்வி. டின்னுக்குள் எத்தனை கார்டு கிடந்தாலும், ஆட்டத்துக்கு முன் அவரவர் நாற்பது கார்டை மட்டும் பொறுக்கி ஒரு கட்டாகக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் ஒன்றுகூடக் கூடாது. கையில் ஐந்தோடு தொடங்கிச் சுற்றுக்கு ஒன்றாக உருவ வேண்டும், கட்டு தீர்ந்துவிட்டால் யாரும் ஜெயிக்காவிட்டாலும் ஆட்டம் முடிந்தது.

கார்டின் மூலையில் ஓர் எண் இருக்கும். அந்தக் கார்டை இறக்க என்ன செலவு என்று சொல்லும் எண். முதல் சுற்றில் செலவுக்கு நம்மிடம் ஒன்றுதான் இருக்கும். இரண்டாம் சுற்றில் இரண்டு. இப்படிச் சுற்றுக்கு ஒன்றாகக் கூடும். எட்டு என்று போட்ட டிராகன் முதல் சுற்றிலேயே கைக்கு வந்தாலும், எட்டாம் சுற்று வரை அதை வெறுமனே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த எண்ணுக்குப் பெயர் வைத்தது எங்கள் அப்பா. அப்போது அவர் இருந்தார். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நாங்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பாம்புக்கு எட்டுன்னு போட்டுருக்கே, என்னா அது? எட்டு ஆளா?"

அது டிராகன், பாம்பு இல்லை என்று லூர்து எவ்வளவோ சொன்னான். அப்பா அந்தப் பேச்சையே காதில் வாங்கவில்லை. "எதா இருந்தா என்னா. எட்டு ஆளு வந்தாத்தான் அதுக்கு வேல நடக்கும். ஒத்த ஆள வச்சிக்கிட்டு அத எதுக்குப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க?" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்கு அது ஆள் கணக்கு ஆனது. ஒரு ஆள் கார்டு, மூணு ஆள் கார்டு, எட்டு ஆள் கார்டு.

பதினாறு பேர் வந்த காலை

ஆள் கணக்கில் லூர்து ஒருமுறை அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே சொல்லாவிட்டால், அவன் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்குப் புரியாது.

எங்கள் பக்கம் மறுநாள் வேலைக்கு முதல் நாள் சாயங்காலமே வீடு வீடாகப் போய் "ஆள் சொல்ல" வேண்டும். சொல்லப்பட்டவர்கள்தான் வருவார்கள். திராட்சைக் கொடிகளை நறுக்கும் கவாத்து வெட்டுக்கு எட்டு ஆள் சொல்லிவிட்டு வா என்று அப்பா அவனை அனுப்பினார். கல்லூரி லீவில் வந்திருந்தான், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை தோட்டத்தில் பதினாறு பெண்கள் தூக்குவாளியோடு வந்து நிற்கிறார்கள்.

"ஏலே, எட்டுதான சொன்னேன்?" என்று அப்பா குதித்தார்.

"எட்டு வீட்லதான்ப்பா சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரவுக வாசல்ல நின்னுக்கிட்டு என்னைய வரச் சொல்லலயான்னு கேட்டாக. எப்படி வேணாம்னு சொல்றது?"

எட்டு வீடு, எட்டுப் பக்கத்து வீடு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வேலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. பதினாறு பேரும் பந்தல் நிழலில் உட்கார்ந்து கதை பேசினார்கள். நடுவில் லூர்து எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டு சுற்றினான். அப்பா அன்று பூராவும் அவனோடு பேசவில்லை.

வாசலில் ஒருவர் தனியாக நிற்பதை அவனால் பார்க்க முடியாது. அவ்வளவுதான் அவன்.

கட்டு கட்டுவது எப்படி

ஆட்டம் ஆடுவதைவிடக் கட்டு கட்டுவதில்தான் எங்களுக்கு ருசி அதிகம். நாற்பது கார்டையும் தரையில் ஆள் கணக்குப்படி வரிசையாக அடுக்குவான். ஒரு ஆள் கார்டெல்லாம் ஒரு வரிசை, இரண்டு ஆள் அடுத்த வரிசை. எந்த வரிசை நீளம், எந்த வரிசை குட்டை என்று எட்ட நின்று பார்ப்பான்.

எட்டு ஆள் கார்டுகளில்தான் எல்லோருக்கும் ஆசை விழும். படமே கண்ணைப் பறிக்கும். அதையே பத்துப் பதினைந்து சேர்த்துவிட்டால் முதல் ஆறேழு சுற்றுக்குக் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்க வேண்டியதுதான். சரி, எல்லாம் ஒன்றும் இரண்டுமாகப் போட்டுவிடலாம் என்றால், தொடக்கத்தில் துள்ளிவிட்டுப் பாதியில் மூச்சு வாங்கும். அவன் கணக்கு இதுதான்: ஒன்று, இரண்டு ஆள் கார்டு பதினான்கு. மூன்று ஆள் பத்து. நான்கும் ஐந்தும் சேர்த்துப் பத்து. அதற்கு மேலே போவதெல்லாம் ஆறே ஆறு.

"இங்கன ஒசந்து, அங்கன சரியணும்க்கா. பெரிய கார்டு கல்யாண வீட்டு மாமா மாதிரி. ரெண்டு பேரு போதும். மத்தவுக வேல பாக்கணும்."

அவனுக்குப் பிடித்தது ஒரு குதிரை வீரன். மூன்று ஆள் கார்டு. படத்தில் குதிரைக்கு ஒரு காது மடங்கியிருக்கும். எந்தக் கட்டு கட்டினாலும் அந்தக் குதிரைக்காரனுக்கு அதில் ஓர் இடம் உண்டு.

நானும் கணக்கு டீச்சர்தானே. சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். அடுத்தவன் கட்டை ஆடும்போதே கவனித்து, அவன் எதை எத்தனை வைத்திருக்கிறான் என்று ஊகிக்கப் பழகினேன். கட்டைப் பார்த்தால் கட்டியவன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பான் லூர்து. எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணி

பிறகு அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டது. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு மனைவி ஸ்டெல்லாவோடு அல்லிநகரத்துக்கு வந்தான். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி பக்கம் என்பதற்காகவே அந்த மாடி வீடு.

குடிக்கும் தண்ணீருக்கு அளவு. பாட்டிலில் ஸ்டெல்லா பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பாள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, திராட்சை கூடாது. கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது எல்லாவற்றையும் எழுதி, இதெல்லாம் ஆகாது என்று ஒரு தாளில் கொடுத்துவிட்டார்கள். திராட்சைக்காரன் மகன் அதைப் படித்துவிட்டு, "அப்ப காத்து மட்டும் குடிக்கலாம் போல" என்றான்.

ஸ்டெல்லா போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் போவாள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் மறுநாள் அவனுக்குத் தலைசுற்றல் இருக்கும். எழுந்து நடந்தால் விழுந்துவிடுவான், தனியாக விடக் கூடாது. மற்ற நாட்களில் கீழ் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். சனிக்கிழமை அவர்கள் கெங்குவார்பட்டித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

"மதினி, சனிக்கெழம மட்டும் நீங்க வந்துருங்க. நான் ஆறு மணிக்கு வந்துருவேன். அதுவரைக்கும் அவுக தனியா இருக்கக் கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இதென்ன கேக்கணுமா? நீ வர்ற வரைக்கும் இருக்கேன்" என்று நான் சொன்னேன்.

காலை பதினொரு மணிக்குப் போய்விடுவேன். சாப்பாடு, மாத்திரை. இரண்டு மணிக்குப் பாயை விரித்தால் ஆட்டம். ஸ்டெல்லா கிடங்கிலிருந்து கொண்டுவரும் வெடித்த ஏலக்காய்கள்தான் எங்கள் உயிர்க் கணக்கு. ஆளுக்கு இருபது ஏலக்காய். அடி விழுந்தால் ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போகும். அந்தக் கார்டுகளை இன்று எடுத்தாலும் ஏல வாசனை அடிக்கிறது.

முதல் சில மாதம் ஐந்தரை வரை இருந்தேன். பிறகு ஐந்து. பிறகு நான்கு மணி பஸ் என்று ஆகிவிட்டது.

மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது, ஐந்து மணிக்கு மேல் எஸ்டேட் ஆட்கள் ஏறி பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. எல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. எனக்கு அந்த அறை பயமாக இருந்தது. அவன் முகம் வாரத்துக்கு வாரம் கறுத்துக்கொண்டு வந்தது. டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக் குழாயை இணைத்த இடம் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே ஓயாமல் அதிரும். "மோட்டார் ஓடுது, தொட்டுப் பாருக்கா" என்று நீட்டுவான். ஒரு தடவை தொட்டேன். அப்புறம் கைவேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவேன்.

நான் நான்கு மணிக்குக் கிளம்பினால் ஸ்டெல்லா வரும் வரை இரண்டு மணி நேரம் அவன் தனியாக இருந்தான்.

ஒரு சனிக்கிழமை ஆறே காலுக்கு ஸ்டெல்லாவின் போன் வந்தது. "மதினி, பஸ் ஏறிட்டீகளா? இப்பத்தான் கெளம்புச்சு அக்கான்னு சொன்னாக. வழியில உங்களப் பாக்கலயேன்னு கேட்டேன்."

நான் கூடலூரில் என் வீட்டு அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"ஆமா, ஏறிட்டேன்" என்றேன்.

அவன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

தோற்பதற்கு ஒரு கட்டு

லூர்துவிடம் ஒரு குணம். தோற்றால் விட மாட்டான், இன்னோர் ஆட்டம் என்பான். ஜெயித்துவிட்டால் போதும், திருப்தியாகச் சாய்ந்து படுத்துக்கொள்வான். அதனால் நான் தோற்க வேண்டும், அதுவும் சீக்கிரமாகத் தோற்க வேண்டும். அப்போதுதான் நான்கு மணி பஸ்ஸுக்கு உறுத்தல் இல்லாமல் கிளம்பலாம்.

சித்திரை வாக்கில் அதைச் செய்தேன். அவன் கண் அசந்த நேரத்தில் பிஸ்கட் டின்னைத் திறந்து, என் கட்டுக்குள் இருந்த சின்னக் கார்டுகளை உருவிப் போட்டுவிட்டு எட்டு ஆள் கார்டாகப் பார்த்துப் பொறுக்கிச் செருகினேன். பார்ப்பவர்களுக்கு, ஆசைப்பட்டுப் பெரிய கார்டு சேர்த்துக் கெட்டவள் மாதிரி இருக்கும். நோயாளித் தம்பி ஜெயிக்கட்டுமே, சந்தோஷப்படுவானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் திட்டம் அருமையாக வேலை செய்தது. ஏழாம் சுற்றுக்குள் குதிரைக்காரன் வந்து என் ஏலக்காயை எல்லாம் காலி செய்துவிட்டான். மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் வாரம் நான் தோற்றதும், கையில் மிச்சமிருந்த கார்டுகளைக் கீழே வைத்தேன். ஐந்து கார்டு. ஐந்தும் எட்டு ஆள். லூர்து அவற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"டீ போடட்டுமா?" என்று எழுந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவன் ஆட்டம் மாறியது. அடிக்கவே மாட்டான். மதிலை இறக்குவான், அடுத்த சுற்றில் இன்னொரு மதில். "அடிக்கிற கார்டு வர மாட்டேங்குதுக்கா" என்பான். எட்டாம் சுற்றுக்கு மேல் என் டிராகன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி அவன் மதிலில் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பேர் ஏலக்காயும் குறையாது. நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவன் அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்பான், சின்ன வயதில் நான் அவனைக் கிணற்றடியில் விட்டுவிட்டு வந்த கதையைக் கேட்பான். சொல்லிக்கொண்டே அடுத்த கார்டை எடுப்பேன். கடைசியில் நான்கு மணிக்குள் ஆட்டம் முடியாமல் பாதியில் கலைத்துவிட்டுக் கிளம்புவேன்.

ஒரு நாள் டின்னைத் திறந்தபோது மேலாகவே அந்தக் காது மடங்கிய குதிரைக்காரன் கிடந்தான். அவனுக்கு அது சலித்துப்போய்விட்டது போல என்று நினைத்து மூடிவிட்டேன். பாடத்தில் ஒரு பையன் இப்படிக் கண்ணெதிரே கிடக்கும் விடையைத் தாண்டிப் போனால் நான் காதைத் திருகியிருப்பேன்.

மீண்டும் மூன்று பத்து

அந்த ஆடி மாதச் சனிக்கிழமையிலும் அதே கதைதான். மூன்று பத்துக்கு நகராத ஆட்டம் மூன்று நாற்பதுக்கும் நகரவில்லை. காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கையிலிருந்த கார்டுகளைப் பாயில் கவிழ்த்தேன்.

"நான் தோத்துட்டேன் லூர்து. நீ ஜெயிச்சுட்ட. போதும்."

"யாரு தோத்தா? ஒன் ஏலக்கா இருவதும் அப்படியே இருக்கு."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுடா."

"ஆட்டம் முடியலயேக்கா."

"எப்பத்தான் முடியுது? கட்டு கட்டத் தெரிஞ்சவன் மாதிரியா ஆடுற நீ?"

அப்படித்தான் கேட்டேன். இந்த வார்த்தைகளைத்தான் அவனிடம் கடைசியாக நேரில் கோபமாகச் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. "சரி, கலைக்காத. இப்படியே இருக்கட்டும். வர்ற சனிக்கெழம இங்கன இருந்தே ஆடுவோம்" என்றான். குளித்துவிட்டுக் காயப்போட்டிருந்த துண்டை எடுத்து, கார்டுகள் காற்றில் கலையாமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்து மூடினான். குனிந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டும்போது கட்டிலில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஸ்டெல்லா பக்கத்தில்தான் இருந்தாள். நான் ஏழாம் வகுப்பில் விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள்

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றுக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. ஸ்டெல்லா முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒன்றைப் பற்ற வைத்தாள். அது மட்டும் கொஞ்ச நேரம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாயில் அவன் பக்கம் கிடந்ததையும் சேர்த்து வைத்திருந்த லூர்துவின் கட்டைப் பீரோவிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம வீடு கூட்டக்கூட விடல மதினி. கார்டு அங்கனயே கெடக்கட்டும், அக்கா வந்து ஆடணும்னாக. ஆறு மணி வரைக்கும் ஆடியும் முடியலயாமே?"

நான் கட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

"வாரத்துல பாதி நாளு இதத்தான் அடுக்கி அடுக்கிக் கலைப்பாக. என்னான்னு கேட்டா, அக்காவுக்கு ஒரு கட்டு கட்டுறேன்னு சொல்வாக." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கெழம நீங்க இருந்ததாலதான் மதினி என்னால நிம்மதியா வேலைக்குப் போக முடிஞ்சுச்சு. அவுகள தனியா விட்டுட்டோம்கிற உறுத்தல் எனக்கு இல்ல. அது ஒண்ணுதான் இப்ப எனக்கு ஆறுதல். கடேசி சனிக்கெழமயும் ஆறு மணி வரைக்கும் இருந்தீகள்ல?"

"ஆமா ஸ்டெல்லா" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

நாற்பது கார்டு

கூடலூருக்கு வந்து இரண்டு நாள் அந்தக் கட்டைப் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மாமியார் தூங்கும்போது தரையில் அடுக்கினேன், அவன் அடுக்குவதுபோலவே ஆள் கணக்குப்படி வரிசையாக.

முதலில் எட்டு ஆள் வரிசை நீளமாக வந்தது. பதினொரு கார்டு. எனக்கு அழுகை வந்தது. பாவி, இவனும் என்னை மாதிரியே செய்திருக்கிறான், நான் ஜெயிக்கட்டும் என்று தோற்பதற்கு ஒரு கட்டு கட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். அப்படி நினைக்க நன்றாகக்கூட இருந்தது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

மிச்சத்தையும் அடுக்கினேன். அப்போதுதான் என் நினைப்பு தப்பு என்று தெரிந்தது.

தோற்க நினைத்தவன் சின்ன வரிசையை வெறுமையாக விட்டிருப்பான். இவன் ஒரு ஆள் வரிசையில் எட்டுக் கார்டு வைத்திருந்தான். எட்டும் குட்டி மதில்கள். மூன்று ஆள் வரிசையில் நடுத்தர மதில்கள். நான்கிலும் ஐந்திலும், போன உயிரைத் திருப்பித் தரும் கார்டுகள். எட்டு ஆள் வரிசையில் கோட்டைகள். முதல் சுற்றில் விழாமல் தாங்க ஒன்று, ஐந்தாம் சுற்றுக்கு ஒன்று, எட்டுக்கு மேல் என் டிராகன் கிளம்பும்போது அதற்கு ஒன்று. அவ்வளவு சீரான ஆள் கணக்கை நான் எந்தக் கட்டிலும் பார்த்ததில்லை. எந்தச் சுற்றிலும் அவன் கை வெறுமையாக இருந்திருக்காது. வரல, வரல என்றது எல்லாம் பொய்.

நாற்பதில் அடிக்கிற கார்டு ஒன்றுகூட இல்லை.

தோற்கவும் விடாது, ஜெயிக்கவும் செய்யாது. கடைசிக் கார்டு வரை இழுத்துக்கொண்டு போவதற்காக மட்டுமே கட்டிய கட்டு அது.

எனக்குத் தெரிந்தது கணக்குதான். அதைப் போட்டேன். கட்டுக்கு நாற்பது. கையில் ஐந்தோடு தொடங்குவோம். மீதி முப்பத்தைந்து, சுற்றுக்கு ஒன்று. ஒரு சுற்றுக்கு அவன் யோசிக்கும் நேரம், என் பெருமூச்சு, நடுவில் பேசும் கதை எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம். முப்பத்தைந்தை ஏழால் பெருக்கினால் இருநூற்று நாற்பத்தைந்து நிமிடம். நான்கு மணி நேரம், மேலே ஐந்து நிமிடம்.

இரண்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஆறு ஐந்துக்கு முடியும்.

"இரு அக்கா" என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் நான் சாக்குச் சொல்வேன், சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பார்க்க அவனுக்கு விருப்பம் இல்லை. வாரம் பூராவும் உட்கார்ந்து, என்னை ஆறு மணி வரை இருக்க வைக்க ஒரு கட்டு கட்டினான். நான் நான்கு மணிக்கு அதைக் கலைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இதை யாரிடமும் சொல்லாமலே இருந்துவிடலாம். அவன் எனக்காகச் சொன்ன பொய் அவனோடு போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்க இனி ஆள் இல்லை. ஆனால் ஸ்டெல்லா இந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறாள். போடி பஸ் நிலையத்துக் கடையில் வாங்கி, பஸ்ஸிலேயே படித்துவிட்டு, "மதினி, மாமாவப் பத்தி நல்லா எழுதியிருக்கீக" என்று போன் போடுவாள். லூர்துவைப் பற்றி எப்போது வரும் என்று போன வாரம்கூடக் கேட்டாள்.

இதோ வந்துவிட்டது, ஸ்டெல்லா. உன் ஆறுதலைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனாலும் நீ அழுத தோள் பொய் சொன்ன தோள். நீ என்னை நம்பி வேலைக்குப் போன எந்தச் சனிக்கிழமையிலும், கடைசிச் சனிக்கிழமையிலும், நான் ஆறு மணி வரை இருந்ததில்லை.